இருபது லிட்டருக்கு மேல் வேண்டாம்

கேள்வி: காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு கொம்யூன், சுரக்குடியிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருஷமாகக் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டாம்செல், ஒரு கிளீனர் இறால், கொஞ்சம் பாறை. தொங்கும் ஃபில்டர்தான், அடியில் தனியாக சம்ப் தொட்டி இல்லை.

எனக்கு வாஞ்சூர்த் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. கத்திரி தொடங்கியதிலிருந்து தொட்டித் தண்ணீர் மளமளவென்று இறங்குகிறது. சூடு ஏறக் கூடாதென்று மேலே சின்ன ஃபேன் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு வாரம் விட்டால் மூன்று விரல் அளவு குறைந்துவிடும். போன மாதம் நைட் ஷிப்டில் மாட்டிக்கொண்டு ஐந்து நாள் கவனிக்கவில்லை. அம்மா பார்த்துவிட்டு, மீன் தண்ணியில்லாமல் கிடக்கிறதே என்று கைப்பம்பில் அடித்து ஒன்றரைக் குடம் ஊற்றிவிட்டார்கள். மறுநாள் காலையில் இறால் செத்துக் கிடந்தது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவியின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் மச்சான், “மாடியில சின்டெக்ஸ் இருக்கு. ஒரு டியூப் இறக்கி நுனியில ஃப்ளோட் வால்வு போட்டா முடிஞ்சது, கரண்டே வேண்டாம்” என்கிறார். நண்பர் ஒருவர், “கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானே ஊத்தணும், பீச்சுலேர்ந்து ரெண்டு கேன் கொண்டா” என்கிறார். இன்னொருவர் சுண்ணாம்பு கலக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இறால் ஏன் செத்தது? நான் இல்லாதபோது மோட்டார் நிற்காமல் ஓடி ஹால் முழுக்கத் தண்ணீரானால் என்ன செய்வது?

— வாசகர் ஒருவர், சுரக்குடி

பதில்: மூன்று பேரில் உங்கள் மச்சான் சொன்னதில்தான் பாதி சரி இருக்கிறது. மூன்றிலும் ஆபத்தானதும் அதுதான். ஏன் என்று பார்ப்பதற்கு முன் உப்புக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

தொட்டியிலிருந்து ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே தங்கிவிடும். வேதாரண்யத்து உப்பளத்தில் நடப்பதுதான் உங்கள் வீட்டு ஹாலிலும் சின்ன அளவில் நடக்கிறது. பாத்தியில் விட்ட கடல் தண்ணீர் வெயிலிலும் காற்றிலும் சுண்டி, ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகும்போது உப்பு படியத் தொடங்கும். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து போய் அங்கே அள்ளியது அப்படி விளைந்த உப்பைத்தான். உங்கள் தொட்டி அந்த அளவுக்குப் போகாது. ஆனால் மீனும் இறாலும் தாங்கும் எல்லை அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடும்.

உங்கள் தொட்டியின் மேற்பரப்பு ஆறு சதுர அடி. தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஐந்தரை லிட்டர் போயிற்று என்று அர்த்தம். வாரத்துக்கு மூன்று விரல் என்றால் சுமார் 5 செ.மீ., அதாவது 28 லிட்டர், நாளைக்கு 4 லிட்டர். ஃபேன் ஓடும் தொட்டிக்குக் கத்திரியில் இது சாதாரணம். முழுக்க நிரப்பினால் 255 லிட்டர் பிடிக்கும் தொட்டி அது. மேலே விட்ட இடைவெளி, பாறை, மணல் எல்லாம் கழித்தால் தண்ணீர் 200 லிட்டர் தேறும். கடல் தண்ணீரின் உப்பு 35 பிபிடி, அதாவது லிட்டருக்கு 35 கிராம். ஐந்து நாளில் 20 லிட்டர் ஆவியானபோது அது 39-ஐத் தொட்டிருக்கும். உங்கள் அம்மா ஊற்றிய ஒன்றரைக் குடம் என்பதும் ஏறக்குறைய 20 லிட்டர்தான். கணக்குப்படி அவர்கள் ஊற்றியது சரியான அளவு! தவறு அளவில் இல்லை, வேகத்தில். ஐந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிய உப்பு ஓரிரு நிமிஷத்தில் நாலு பிபிடி இறங்கியது. குடத்தைச் சாய்த்த இடத்தில், கலப்பதற்கு முன், இன்னும் கீழே போயிருக்கும். அந்தப் பக்கம் இறால் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மீனுக்கு உடம்புக்குள் இருக்கும் உப்பைச் சமாளிக்கச் செவுளும் சிறுநீரகமும் இருக்கின்றன. திடீர் மாற்றத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். கிளீனர் இறாலுக்கு அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி குறைவு. உடனே நீங்கள் கேட்பீர்கள், நம் பக்கத்துப் பண்ணைகளில் வெனாமி இறால் மழையிலும் கத்திரியிலும் கிடந்து வளர்கிறதே என்று. வெனாமி இளம் வயதைக் கழிமுகத்தில் கழிக்கிற ஜாதி. உப்பு ஏறி இறங்கிப் பழகியது. உங்கள் தொட்டி இறால் பவளத்திட்டில் வாழ்வது. அங்கே வருஷம் முழுக்க உப்பு ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டுக்கும் பெயர் இறால் என்பதோடு சரி. ஆகவே அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். தினமும் இரண்டு லிட்டர் காலையிலும் இரண்டு லிட்டர் மாலையிலும் ஊற்றச் சொல்லியிருந்தால் இறால் பிழைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

நண்பரின் யோசனைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆவியானது நல்ல தண்ணீர், அதற்கு ஈடும் நல்ல தண்ணீர்தான். அந்த இடத்தில் கடல் தண்ணீரை ஊற்றினால் ஒவ்வொரு லிட்டரோடும் 35 கிராம் உப்பு கூடும். நாளைக்கு 4 லிட்டர் என்றால் ஒரு மாதத்தில் நாலு கிலோவுக்கு மேல். கடல் தண்ணீர் தேவைப்படுவது பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது மாற்றும்போது. அதற்கும் காரைக்கால் கடற்கரையில் அரசலாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிப் போய் எடுங்கள். மழைக்காலத்தில் ஆற்று வண்டலும் நல்ல தண்ணீரும் சேர்ந்து, அங்கே எடுப்பது பேருக்குத்தான் கடல் தண்ணீராக இருக்கும். அளந்து பார்க்காமல் தொட்டிக்குள் விடாதீர்கள்.

அளப்பதற்கு ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வேண்டும். இறால் பண்ணைக்காரர்கள் பையில் வைத்திருப்பார்களே, கண்ணில் வைத்து வெளிச்சத்தைப் பார்க்கும் அந்தக் குழல்தான். இறால் தீவனம் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஆர்.ஓ. தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைத் திருப்பிச் சரிசெய்துகொள்ளுங்கள். பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் ஒன்று வாங்குங்கள். அது நிரப்பப்போகும் நல்ல தண்ணீருக்கு, குழல் தொட்டித் தண்ணீருக்கு. கடல் தண்ணீரில் டி.டி.எஸ். பேனாவை விட்டால் அது காட்டும் எண்ணுக்கு மரியாதையில்லை.

அடுத்தது, எந்த நல்ல தண்ணீர்? என்னைக் கேட்டால் கருவியைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். கருவி பழுதானால் இரண்டு நாளில் தெரிந்துவிடும். தண்ணீர் தப்பாக இருந்தால் மாதக் கணக்கில் தெரியாது.

கடைமடையில் நிலத்தடி நீர் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கைப்பம்புத் தண்ணீரை டி.டி.எஸ். பேனாவால் ஒரு தடவை பாருங்கள். 1500 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்புகள். நாளைக்கு 4 லிட்டர் ஊற்றினால் 6 கிராம், மாதத்துக்கு 180 கிராம். தண்ணீர் அளவு கோட்டிலேயே நிற்கும், உப்பு மட்டும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு பிபிடி ஏறிக்கொண்டிருக்கும். அதுவும் சமையல் உப்பு மட்டுமில்லை. சுண்ணாம்புச் சத்து, இரும்பு, உரம் போட்ட வயல்களின் நடுவே இருக்கும் பம்பென்றால் நைட்ரேட்டும் வரும். கண்ணாடியில் பழுப்பாகவும் பச்சையாகவும் பாசி படிந்து, எத்தனை தேய்த்தாலும் நாலே நாளில் திரும்புகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நிரப்பும் தண்ணீரை. நல்ல தண்ணீர் மீன் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். 200 லிட்டர் தொட்டியில் மாதம் 180 கிராம் என்றால் டி.டி.எஸ். 900 ஏறுகிறது என்று அர்த்தம். கடல் தொட்டிக்குத்தான் இந்தத் தொல்லையெல்லாம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் அதுதான் சிறந்த வழி. ஒரு சூட்சுமம் மட்டும் உண்டு. குடிப்பதற்கு ருசி வர வேண்டுமென்று பெரும்பாலான வீட்டு மெஷின்களில் கடைசியில் ஒரு மினரல் கார்ட்ரிட்ஜும், மூலத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் டி.டி.எஸ். அட்ஜஸ்டரும் இருக்கும். அட்ஜஸ்டரை மூடிவிட்டு, மெம்பிரேனிலிருந்து வரும் டியூபிலேயே ஒரு டீ கனெக்டர் போட்டு, மினரலுக்கு முன்னால் தொட்டிக்கான தண்ணீரைப் பிடியுங்கள். டி.டி.எஸ். 20, 30-க்குள் இருந்தால் உங்கள் தொட்டிக்குப் போதும். ஆர்.ஓ. இல்லையென்றால் கடையில் வாங்கும் 20 லிட்டர் கேன். ஒவ்வொரு கேனையும் பேனாவால் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ஒரே ஆலையின் தண்ணீர்கூட வாரத்துக்கு வாரம் மாறும். ஏ.சி. மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாமா என்று சிலர் எழுதுகிறார்கள். டி.டி.எஸ். குறைவாகத்தான் காட்டும். ஆனால் அது வழிந்து வருவது செம்புக் குழாய்களின் மேல். இறாலுக்குச் செம்பு விஷம், ஊற்றாதீர்கள். அதே காரணத்துக்காக நீங்கள் செய்யப்போகும் கருவியில் பித்தளைத் துண்டு ஒன்றும் தண்ணீர்ப் பாதையில் வரக் கூடாது.

இனி மச்சானிடம் வருவோம். ஃப்ளோட் வால்வு என்ற யோசனை நல்ல யோசனை. பிசகு சின்டெக்ஸில். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு சின்ன வால்வை நம்பிக் கட்டி வைக்கிறார். அந்த வால்வின் வாயில் ஒரு மண் துகள் சிக்கினால் போதும். நீங்கள் துறைமுகத்தில் இரவு முழுக்க நிற்கும்போது, மாடியில் இருக்கும் தண்ணீர் முழுவதும் ஹாலுக்கு வரும். வழியில் உங்கள் கடல் தொட்டியை நல்ல தண்ணீர்த் தொட்டியாக்கிவிட்டு வரும். அப்படிப்பட்ட வால்வு என்றைக்குமே சிக்காதா என்று அவரையே கேளுங்கள். மேல்தொட்டி நிரம்பி வழிவதை எத்தனை வீட்டில் பார்த்திருப்பார்!

தானியங்கி நிரப்பியில் எல்லோரும் சென்சாரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சென்சார் ஒருநாள் ஏமாற்றும். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றப் போவது, சின்டெக்ஸுக்குப் பதில் நீங்கள் வைக்கப்போகும் கேனின் அளவு. கேனில் இருக்கும் தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் தொட்டிக்குள் போனாலும் தொட்டி வழியக் கூடாது, மீன் சாகக் கூடாது. கேன் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள். உங்கள் தொட்டிக்கு 20 லிட்டர். அது முழுவதும் இறங்கினால் தண்ணீர் மட்டம் 3.6 செ.மீ. ஏறும். ஆகவே விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே உங்கள் கோடு இருக்கட்டும். உப்பு 35-லிருந்து 31.8-க்கு இறங்கும். மீன் தாங்கிவிடும். இறாலுக்குக் கஷ்டம்தான், அதற்காகத்தான் அடுத்து வரும் ஏற்பாடுகள். நாளைக்கு 4 லிட்டர் என்றால் ஒரு கேன் ஐந்து நாள் வரும். போதவில்லை என்று இரண்டு கேனை இணைக்காதீர்கள். 40 லிட்டர் போனால் 29-க்கு வந்துவிடும், ஹாலும் நனையும். ஒரு வாரம் வெளியூர் போகிறீர்களா? கேன் தீர்ந்த பிறகு இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் விட்டால் உப்பு 36.5 ஆகும், அவ்வளவுதான். அந்த மெதுவான ஏற்றத்தை எல்லா ஜீவனும் தாங்கும்.

சாமான்களைத் தேடிச் சென்னைக்குப் போக வேண்டாம். காரைக்காலில் ஆர்.ஓ. ரிப்பேர் செய்யும் எந்தக் கடையிலும் பெரும்பகுதி கிடைக்கும். வீட்டு ஆர்.ஓ. மெஷினே உள்ளுக்குள் ஒரு தானியங்கி நிரப்பிதான். தொட்டி நிறைந்தால் ஃப்ளோட் ஸ்விட்ச் மேலே எழும்பி மெஷினை நிறுத்துகிறது. அந்தப் பிளாஸ்டிக் ஃப்ளோட் ஸ்விட்ச் இரண்டு, கால் இஞ்ச் டியூப் நாலைந்து மீட்டர். கூட 12 வோல்ட் சின்ன முழுகும் பம்பு ஒன்று, 12 வோல்ட் அடாப்டர் ஒன்று, பைக் ஹெட்லைட்டுக்குப் போடும் 12 வோல்ட் ரிலே ஒன்று.

ரிலே எதற்கு என்று மச்சான் கேட்பார். அந்த ஃப்ளோட்டுக்குள் இருப்பது ஒரு மெல்லிய ரீட் ஸ்விட்ச். பம்பின் கரண்டை நேராக அதன் வழியே விட்டால், ஒவ்வொரு முறை ஆஃப் ஆகும்போதும் பொறி பறந்து, ஒருநாள் அதன் இரண்டு தகடுகளும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஃப்ளோட் மேலே எழும்பினாலும் பம்பு நிற்காது. ஆகவே ஃப்ளோட் ரிலேயை இயக்கட்டும், ரிலே பம்பை இயக்கட்டும். ரிலே சுருளுக்குக் குறுக்கே ஒரு 4007 டயோடு போடச் சொல்லுங்கள், அவருக்குப் புரியும். மேல்தொட்டி மோட்டாருக்குப் போடும் 230 வோல்ட் ஃப்ளோட் ஸ்விட்சை மட்டும் இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை அருமையாகக் கடத்தும். தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதை முதலில் போடட்டும், மற்றதெல்லாம் அப்புறம். ஒயர்களைப் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள், வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழேயே சொட்டிவிடும்.

இரண்டு ஃப்ளோட் சொன்னேன். ஒன்று உங்கள் கோட்டில். இன்னொன்று அதற்கு ஓர் அங்குலம் மேலே. இரண்டையும் வரிசையாக இணையுங்கள். எது ஒன்று ‘நிறைந்தது’ என்று சொன்னாலும் பம்பு நிற்க வேண்டும். கீழ் ஃப்ளோட் சிக்கிக்கொண்டாலும் மேல் ஃப்ளோட் பார்த்துக்கொள்ளும். ஃபில்டர் தண்ணீர் கொட்டாத மூலையில், துளை போட்ட பி.வி.சி. குழாய்த் துண்டுக்குள் இரண்டையும் நிறுத்துங்கள். அலை அடித்து ரிலே டக் டக் என்று துடிக்காது, நத்தையும் ஏறாது. நத்தை என்று சொன்னதும் சிரிக்காதீர்கள். ஃப்ளோட்டின் மேல் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தால், எத்தனை தண்ணீர் வந்தாலும் அது எழும்பாது.

நத்தைக்கு அடுத்த எதிரி உப்புப் பூ. ஒரு மாதம் ஓடிய ஃப்ளோட்டை வெளியே எடுத்துப் பாருங்கள். நடுத்தண்டில் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில், வளையம் போல வெள்ளையாகக் கரகரவென்று கட்டியிருக்கும். நகத்தால் கீறினால் தூளாக உதிரும். அந்த வளையம் தடித்ததும் ஃப்ளோட் அதில் இடறி நின்றுவிடும். வினிகரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். கண்ணாடிக் கண் வைத்த ஆப்டிகல் சென்சார் வாங்குபவர்களும் இதிலிருந்து தப்புவதில்லை. பாசியும் உப்பும் படிந்தால் அதற்கும் கண் மறைக்கும்.

மூன்றாவது காவல் ஒரு சாதாரண டைமர் பிளக். பம்பு நிமிஷத்துக்கு 250 மில்லி தரும்படி டியூபில் ஒரு சின்ன வால்வு வைத்துக் குறுக்குங்கள். அளவுக் குவளையில் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தால் தெரியும். டைமரைக் காலையில் 15 நிமிஷம், மாலையில் 15 நிமிஷம் மட்டும் கரண்ட் கொடுக்கும்படி வையுங்கள். சரியாக இருக்கும் நாளில் வேளைக்கு இரண்டு லிட்டர் போனதும் ஃப்ளோட் நிறுத்திவிடும். இரண்டு ஃப்ளோட்டும் ஒரே நாளில் ஏமாற்றினால்கூட ஒரு நாளில் ஏழரை லிட்டருக்கு மேல் போக வழியில்லை. ஆவியாவதைக் கழித்தால் உபரி மூன்றரை லிட்டர், உப்பு அரைப் புள்ளி சொச்சம் இறங்கும், அவ்வளவுதான். கேன் காலியாகிப் பம்பு வெறுமனே ஓடினாலும் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். இறாலைக் காப்பாற்றும் ஏற்பாடு என்றேனே, அது இதுதான்.

டைமர் மட்டும் போதாதா, ஃப்ளோட் எதற்கு என்றும் கேட்கலாம். ஆஸ்பத்திரி டிரிப் செட்டைக் கட்டி, சொட்டுச் சொட்டாக விடுபவர்களும் இருக்கிறார்கள். கத்திரியில் 4 லிட்டர், ஆனி ஆடி மேலக்காற்றில் அதற்கும் மேலே போகலாம், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது அதில் பாதிகூடப் போகாது. சொட்டுக்கு மாதம் தெரியாது, ஃப்ளோட்டுக்குத் தெரியும். தண்ணீர் அதிகம் போகிறதென்று ஃபேனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கு 4 லிட்டர் ஆவியாவது, 100 வாட்டுக்கு மேற்பட்ட சூட்டை இரவும் பகலும் தொட்டியிலிருந்து இழுத்துக்கொண்டு போவதற்குச் சமம். அந்தக் குட்டி ஃபேன் தின்னும் கரண்ட் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இதைவிட மலிவான ஏ.சி. உங்கள் மீனுக்குக் கிடைக்காது.

டியூபின் நுனி தொட்டித் தண்ணீரைத் தொடவே கூடாது. இரண்டு அங்குலம் மேலே தொங்கட்டும். கேன் தொட்டியைவிடக் கீழே, தரையில் இருக்கட்டும். நுனி தண்ணீருக்குள் இருந்து கேன் தாழ்வாக இருந்தால், பம்பு நின்றதும் உப்புத் தண்ணீர் டியூப் வழியே கேனுக்கு வழிந்துவிடும். கேன் உயரத்தில் இருந்தால், பம்பு நின்ற பிறகும் கேன் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கும். நிறையப் பேர் வீட்டில் வெள்ளம் வந்ததற்கு சென்சாரைத் திட்டுகிறார்கள். காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு அங்குலம்தான்.

சம்ப் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வரி: ஃப்ளோட்டை மெயின் பம்பு இருக்கும் கடைசி அறையில் வையுங்கள், கரண்ட் போய் வந்ததும் ஐந்து நிமிஷம் தாமதித்து வேலை தொடங்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் மெயின் பம்பு தண்ணீரை மேலே இழுக்கும் அந்த இடைவெளியில் மட்டம் குறைந்துவிட்டதாக நினைத்து நல்ல தண்ணீரை ஏற்றிவிடும்.

இவ்வளவும் செய்ய நேரமில்லை, கரண்டை நம்ப மனமில்லை என்றால் பழைய வித்தை ஒன்று உண்டு. தண்ணீர் கேனை ஸ்டாண்டில் கவிழ்த்து வைக்கிறோமே, அதேதான். மூடியில் துளை போட்ட ஐந்து லிட்டர் கேனைக் கவிழ்த்து, அதன் வாய் சரியாக உங்கள் கோட்டைத் தொடும்படி உறுதியான சட்டத்தில் நிறுத்துங்கள். மட்டம் வாய்க்குக் கீழே இறங்கினால் காற்று உள்ளே போகும், தண்ணீர் வெளியே வரும். மட்டம் வாயைத் தொட்டதும் நின்றுவிடும். பழுதாக அதில் ஒன்றுமே இல்லை. குறை என்னவென்றால், பகல் சூட்டில் கேனுக்குள் இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிவிடும். சின்னக் கேனுக்கு அது நூறு மில்லி, நூற்றைம்பது மில்லிதான். இரண்டடித் தொட்டிக்காரர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

கருவி வந்துவிட்டால் சில பழக்கங்களையும் மாற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீர் மாற்றும் நாளில் முதல் வேலை கருவியின் சுவிட்சை அணைப்பது. இல்லாவிட்டால் நீங்கள் பழைய தண்ணீரை எடுக்க எடுக்க அது நல்ல தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கும். நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு. கருவி வந்துவிட்டதென்று மாற்றுவதை நிறுத்திவிடாதீர்கள், மீனின் கழிவு ஆவியாகிப் போவதில்லை. கேன் மேல் லிட்டர்க் கோடுகள் போட்டு, தினமும் ஒரு பார்வை பாருங்கள். வழக்கமாக 4 லிட்டர் இறங்கும் கேன் திடீரென்று அதைவிட மிக அதிகமாக இறங்கினால் எங்கேயோ கசிகிறது. முன்பென்றால் மட்டம் குறைந்து கசிவு தானாகவே தெரிந்துவிடும். இப்போது கருவி கசிந்த உப்புத் தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீரை நிரப்பி அதை மறைத்துவிடும். கழிவை நுரையாகப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் வைத்து அதன் கோப்பை வழிந்தாலும் இதே கதைதான்.

சுண்ணாம்பு கலக்கச் சொன்னவர் கேள்விப்பட்டதைச் சொல்லியிருக்கிறார். உயிருள்ள கல் பவளங்களுக்குக் கால்சியம் தருவதற்காகத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை இப்படி விடுவது வெளிநாடுகளில் பழைய முறை. உங்கள் தொட்டியில் அதற்கு வேலையே இல்லை. முழுதாகக் கரைந்த சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். 12-க்கு மேல். ஃப்ளோட் சிக்கினால் அன்றைக்கு உப்பு குறைவதோடு போகாது, மீனின் செவுளே வெந்துவிடும்.

பாறை என்று கடிதத்தில் பட்டும் படாமலும் எழுதியிருக்கிறீர்கள். அது பவளப்பாறையாக இருந்தால் கவனம். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், இருக்கின்றன. செத்த துண்டை வைத்திருப்பதும் குற்றம். செயற்கைப் பாறையும் சுட்ட மண் துண்டுகளும் பாக்டீரியாவுக்கு அதே வேலையைச் செய்யும். கோமாளி மீனைக் கடலில் பிடிக்காமல் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. அடுத்த ஜோடி வாங்கும்போது பொரிப்பக மீன்தானா என்று கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்ததைவிடத் தொட்டிக்கு நன்றாகப் பழகும்.

எல்லாம் பொருத்தியபின் பகல் ஷிப்ட் இருக்கும் வாரமாகப் பார்த்துக் கருவியை ஓடவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் உப்பு பார்த்து எழுதுங்கள். ஏழு நாளும் 34-க்கும் 36-க்கும் நடுவில் நின்றால் அதை நம்பி நைட் ஷிப்டுக்குப் போகலாம். அம்மாவிடம் சொல்ல வேண்டியது இரண்டே விஷயம்: நாலு நாளுக்கு ஒருமுறை கேனை மாற்றுவது, குடத்தைத் தொட்டிப் பக்கம் கொண்டுவராமல் இருப்பது. புது இறால் அந்தச் சோதனை வாரம் முடிந்த பிறகு வரட்டும்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் முதல் இரண்டு மூன்று மழையை விட்டுவிட்டு, கூரை கழுவிப் போன பிறகு, மூடி உள்ள 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டை நிறைத்துக் கொசு புகாமல் மூடி வையுங்கள். மழைத் தண்ணீரின் டி.டி.எஸ். பெரும்பாலும் ஆர்.ஓ.வுக்குச் சமமாக இருக்கும், டி.டி.எஸ். பேனாவால் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 4 லிட்டர் என்றாலே நூறு நாள் வரும். குளிர்மாதங்களில் அவ்வளவு செலவாகாது, பங்குனிவரை ஓட்டிவிடலாம். அதற்கப்புறம் கத்திரிக்கு ஆர்.ஓ. மெஷினைப் பார்த்துக்கொள்ளுங்கள்.